நிஜமாகக் கேட்டபோது

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்பாவுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதினால் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். போனில் பேசினால் பின்னால் அப்பாவின் குரல் கேட்கும், கடிதம் மட்டும் போதும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா வேலை பார்க்கும் யார்டில் விபத்து நடந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு மாமாவுக்குத்தான். கிரேன் தூக்கிய இரும்புத் தகடுக் கட்டு, பெல்ட் அறுந்து அவர் வலது கால் மேல் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பாவும் மாமாவும் வாக்கிடாக்கியில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை இங்கிலீஷில் எழுத வேண்டியிருக்கும். அப்பா மேலே கூண்டில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுவார். வாக்கிடாக்கியில் அவர் மேல்வீடு, வீட்டுக்காரர். மாமா கீழே நின்று சுமைக்கு பெல்ட் சுற்றிக் கொக்கியில் மாட்டுவார். அவர் கீழ்வீடு, குடித்தனக்காரர். "கீழ்வீடு, வாடகை வந்துச்சா?" என்றால் பெல்ட் மாட்டியாகிவிட்டதா என்று அர்த்தம். "குடுத்தாச்சு" என்றால் தூக்கலாம். "வீட்டக் காலி பண்ணு" என்றால் சுமைக்குக் கீழேயிருந்து விலகு. "தண்ணி வரல" என்றால் அப்படியே நிறுத்து. யார்டில் மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இவர்கள் இருவரும் தூக்கியதில் ஒரு ஆணிகூடக் கீழே விழுந்ததில்லை.

அன்றைக்கு, பெல்ட் ஒரு பக்கம் நைந்த மாதிரி இருக்கிறது, தூக்கலாமா என்று மாமா கேட்டிருக்கிறார். அப்பா, "ரிப்பேர் சொன்னா வாடகை ஏறும்டா" என்று சொல்லிவிட்டுத் தூக்கியிருக்கிறார். சூப்பர்வைசரின் வாக்கிடாக்கியிலும் அது கேட்டிருக்கிறது.

கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. அப்பா என்னிடம் நீட்டி, "ஊர்ப்பட்ட புத்தகம் படிக்கறியே, இது என்ன வார்த்தைன்னு பாரு" என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் ஃப்ளிப்பன்ட் என்று இருந்தது. நான் அகராதி எடுக்கப் போனபோது பின்னாலிருந்து, "எட்டே எழுத்துல என் சோத்துல மண்ணப் போட்டுட்டானுங்க பாரு" என்றார்.

பதிலை இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். ஜூலையில் விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்பது அதில்தான் இருக்கிறது. என் இங்கிலீஷ் பரீட்சைக்குப் போதும், இதற்குப் போதாது. நீ எழுதிக் கொடு அக்கா.

உன் தங்கை


ஜூன் 11

புழுவே,

புத்தகத்தை விட்டு வெளியே தலையை நீட்டியிருக்கிறாய், சந்தோஷம்.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? மிக்சி ஓடாதவர்களுக்கும் ஃபேன் சுற்றாதவர்களுக்கும், "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்" என்று இங்கிலீஷில் பதில் அனுப்புவது. அந்த வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் எழுதக்கூட வேண்டாம், ஒரு பட்டனை அழுத்தினால் வந்து விழும். வருந்துவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நம் குடும்பத்தில் நான்தான். வீட்டுக்கும் வந்து ஓசியில் வருந்தச் சொல்கிறாய்.

அந்த வார்த்தையை எழுதியவர் யாரென்று விசாரித்து, என் சார்பில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நமக்குக் கிடைக்காத வார்த்தையை, முன்பின் தெரியாத மனிதர் ஒரே தடவையில் பிடித்துவிட்டார்.

அப்பாவுக்காக ஒரு வரி எழுத மாட்டேன். மாமாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இது பட்டனில் வந்தது இல்லை.

நன்றாகப் படி.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

நீ எழுத மாட்டேன் என்றதால் நானே எழுதிப் பார்க்கலாம் என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் வீட்டு அகராதியில் பொறுப்பற்ற, துடுக்கான, விளையாட்டுத்தனமான என்று மூன்று அர்த்தம் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுப்பற்றவர் என்றால் அம்மா இல்லாத வீட்டில் என் சட்டைக்கு இஸ்திரி போடுவது யார்? துடுக்கு குழந்தைகளுக்குச் சொல்வது. விளையாட்டுத்தனம் என்பதை நாம் செல்லமாகவும் சொல்வோமே. மூன்றுமே சரியில்லை.

இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டேன்.

"பரீட்சைக்கா?" என்றார்.

"இல்ல மிஸ், வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய வார்த்தை?" என்று சிரித்துவிட்டு, டஸ்டரைக் கையில் எடுத்தார். "இப்ப இது ரொம்ப கனம்னு வெச்சுக்க. உன்கிட்ட நீட்டறேன். நீ ரெண்டு கையாலயும் வாங்கணும். வாங்காம ஒத்த விரலால தட்டி விடற. அதான் ஃப்ளிப்பன்ட்."

"சிரிச்சுப் பேசினாலே ஃப்ளிப்பன்ட்டா மிஸ்?"

"இல்லல்ல. சாவு வீட்லகூடச் சிரிக்கறோம். யார் என்ன கேட்டதுக்குச் சிரிச்சோம்ன்றதுதான் விஷயம்."

"பெரியவங்களப் பார்த்து சின்னவங்க இந்த வார்த்தையச் சொல்லலாமா?"

"தாராளமா. சொன்னா உன்னையே ஃப்ளிப்பன்ட்டுன்னு சொல்லிடுவாங்க, அவ்வளவுதான்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. நான் எழுதிக்கொண்டேன்.

அக்கா, ஒரு விஷயம் கவனித்தேன். அந்தக் காகிதத்தில் அந்த வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது. முதல் பக்கத்தில், அவர் சொன்ன பதில் ஃப்ளிப்பன்ட் என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், இவர் ஃப்ளிப்பன்ட்டான மனிதர், கிரேனில் வைத்திருக்கலாமா என்று யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. முதலில் ஒரு பதிலுக்கு ஒட்டியிருந்த வார்த்தை, பக்கத்தைத் திருப்பியதும் ஆளுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. நடுவில் எதுவுமே நடக்கவில்லை. ஒரு தடவை தப்பாகப் பேசினால் பேச்சுதானே தப்பு? அந்த இரண்டாவது இடத்தில் மட்டுமாவது எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாடகை, காலி, தண்ணி எல்லாம் அவர்களுடைய வேலை பாஷை என்றும் விளக்க வேண்டும். அதைத் தெரியாதவர்களுக்கு எல்லாமே கேலியாகத்தான் கேட்கும்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டீ வாங்கிக் கொடு என்றதும், ஓசியில் வருந்துவதும், அப்படியே அப்பா பேசுவது மாதிரி இருந்தது. நான் நீட்டியதை நீயும் விரலால்தான் தட்டிவிட்டாய்.

கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை


ஜூன் 24

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து ஒரு கிண்டல் எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கிண்டல் இல்லாமல் எழுதினால் எனக்குக் கடிதம் இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது.

ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவைப் பார். அன்றைக்கு அவர் அப்பாவிடம் என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று அவர் வாயால் கேட்டு எழுது. அப்பா சொன்னதை நம்பாதே. அப்பா பொய் சொல்வதில்லை. ஆனால் தன் வசனத்தை முழுசாகச் சொல்வார், எதிரில் இருப்பவர் வசனத்தைச் சுருக்கிவிடுவார். கவனித்துப் பார், எப்போதும் அப்படித்தான்.

மாமா சொன்னதை எழுதி அனுப்பு. பதில் எழுதித் தருகிறேன்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்கா,

போய்விட்டு வந்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். வார்டில் எல்லோர் தலைமாட்டிலும் ஆரஞ்சுப் பழம்தான் இருந்தது.

மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் நின்று காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமாவுடைய பேண்ட் ஒன்றை எடுத்தார், அதை எப்படி மடிப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்படியே பையில் போட்டார்.

"மேல்வீட்டுச் சின்னப் பாப்பாவா? எவ்ளோ வளந்துட்ட" என்றார் மாமா.

"உங்கப்பாவ இங்க வர வேணாம்னு சொல்லிடு பாப்பா" என்றார் அத்தை. "ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் வந்தாரு. வாசல்லயே நின்னாரு. உள்ளகூட வரல. 'வீட்டத்தானடா காலி பண்ணச் சொன்னேன், காலையே காலி பண்ணிட்டியே'ன்னாரு. மனுஷன் பேசற பேச்சா அது?"

"நான் சிரிச்சேனே" என்றார் மாமா.

"நீங்க சிரிச்சீங்க. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் உன் நிபந்தனை இருந்ததால் கேட்டேன். அன்னைக்கு என்ன கேட்டீங்க மாமா, அப்படியே சொல்லுங்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் போர்வையை நீவிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது.

"மேல்வீடுன்னு கூப்பிடல பாப்பா. அண்ணேன்னு கூப்பிட்டேன். வாக்கிடாக்கில அப்படிக் கூப்பிட்டதே இல்ல. 'அண்ணே, பெல்ட்டு ஒரு பக்கம் நைஞ்சிருக்கு, தூக்கலாமா? நிஜமா கேக்கறேன்'னேன்."

"அப்புறம் ஏன் மாமா நீங்க விலகி நிக்கல?"

"அண்ணன் கிண்டல் பண்ணாரே" என்றார். நான் புரியாமல் பார்த்ததும் சொன்னார்: "இத்தன வருஷத்துல அவர் கிண்டல் பண்ணார்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். மேலருந்து பார்த்துட்டாரு, ஒண்ணும் இல்ல போலருக்குன்னு நெனச்சேன். கட்டு ஆடாம இருக்கட்டும்னு பக்கத்துலயே நின்னு பிடிச்சிக்கிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை அக்கா. கோபம் இருந்திருந்தால் நான் அப்பாவுக்காக ஏதாவது பேசியிருப்பேன்.

வரும் வழியெல்லாம் டீச்சர் சொன்னதை நினைத்துக்கொண்டு வந்தேன். யார் என்ன கேட்டதுக்குச் சிரித்தோம் என்பதுதான் விஷயம். வேலை பாஷை என்று நான் எழுத நினைத்தது எல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு மாமா அந்த பாஷையில் கேட்கவில்லை. அதை விட்டு வெளியே வந்து கேட்டிருக்கிறார். அப்பா மட்டும் உள்ளேயே இருந்துவிட்டார்.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டாய், எழுதிவிட்டேன்.

உன் தங்கை


ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

'நிஜமா கேக்கறேன்' என்று மாமா சொன்ன அந்த இரண்டு வார்த்தையைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முழுக்க யாருடைய ஃபேனுக்காகவும் என்னால் வருந்த முடியவில்லை.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. அம்மா போன துக்கம் என்று நினைத்திருப்பாய். உனக்கு அப்போது பரீட்சை. ஆஸ்பத்திரிக்கு நீ சாயங்காலம்தான் வருவாய். ஒரு நாள் காலையில் நான் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பா அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கேட்டாள்: "என்னங்க, நிஜமா சொல்லுங்க. நான் வீட்டுக்கு வருவேனா?"

அப்பா சொன்னார்: "வராம எங்க போவ? அடுப்ப யாரு பத்த வெக்கறது, உங்கப்பனா?"

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவள் சாகப்போவது டாக்டருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசிக்கொள்ள ஒரு ஆளைத் தேடினாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நமக்கு என்ன சொல்லிவிட்டுப் போக நினைத்தாளோ, அது அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

அதனால், பதிலுக்கு ஒட்டிய வார்த்தை எப்படி ஆளுக்கு ஒட்டிக்கொண்டது, நடுவில் எதுவுமே நடக்கவில்லையே என்று நீ எழுதினாயே, எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இருந்தாலும் எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. வாடகை, காலி, தண்ணி எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறேன். அன்றைய பதில் தவறு, அந்த வார்த்தை அதற்குப் பொருந்தும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். மனிதரைப் பற்றிச் சொன்ன இடத்தில் அதை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். நம்பித்தான் எழுதினாயா என்று கேட்காதே. வருத்தம் தெரிவிக்கும் வாக்கியத்தை மட்டும் பட்டனில் எடுக்கவில்லை, யோசித்துப் புதிதாக எழுதினேன்.

விசாரணைக்கு நீயும் கூடப் போ. முடிந்தால் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்டு எழுது. நான் கேட்டால் எனக்கும் ஒரு ஜோக்தான் கிடைக்கும்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

விசாரணை முடிந்துவிட்டது. இதையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஷேவ் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டு, அதில் பேப்பர்த் துணுக்கை ஒட்டியிருந்தார். நான் ஆபீஸ் படியேறும்போதுதான் பார்த்து எடுத்துவிட்டேன். அது ஒரு நீளமான அறை. ஏசி ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். அதிகாரிக்கு அப்பா வயதுதான் இருக்கும். கடுமையானவர் இல்லை. எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நீ எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தார்.

"யார் எழுதினது?"

"என் பெரிய பொண்ணு சார்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார் அக்கா. பரிசு வாங்கிய பையன் மாதிரி இருந்தது முகம். நீ எழுதினாய் என்பதே அவருக்குப் போதும் போல.

பிறகு அதிகாரி கேட்டார். "வாடகை, தண்ணி, அதெல்லாம் புரியுது. ஆனா அன்னைக்கு அவர் நிஜமா கேக்கறேன்னு சொன்னாரே, அது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார்."

"கிண்டலுக்குக் கேக்கலன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

இப்போது ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிடுவார் என்று நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாளியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அப்பா மெதுவாகச் சொன்னார்:

"அவன் அண்ணேன்னு கூப்பிட்டதும் இது வெளையாட்டு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு சார். பயந்துட்டேன். பயம் வந்தா எனக்கு வாய் அப்படித்தான் போகும். எம் பொண்டாட்டி கேட்டப்பவும் அப்படித்தான் போச்சு."

மனைவி கேட்டது என்னவென்று அதிகாரிக்குத் தெரியாது. அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. முன்பாதியை மட்டும் எழுதினார். எழுதிவிட்டு, "அப்ப பயம் இருந்திருக்கு. ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் தூக்கியிருக்கீங்க" என்றார். அப்பா, "ஆமா சார்" என்றார்.

நேற்று உத்தரவு வந்தது. நீ கேட்டபடியே அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், இரண்டிலும் இல்லை. அதற்குப் பதில் 'தெரிந்தே' என்று இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தே தூக்கினார், அதனால் வேலையிலிருந்து நீக்கம். உத்தரவைக் கொண்டுவந்த கிளார்க் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பேசாம அந்தப் பழைய வார்த்தையையே விட்டிருக்கலாம்மா. ஏதோ வாய்க்கொழுப்புன்னு கூண்ட விட்டு எறக்கி, கேட்டுல வாட்ச்மேனா போட்டிருப்பாங்க."

அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார்.

கிளார்க் போனதும் அவர் வாக்கிடாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று துடைத்து வைத்தார். நான் தோசை ஊற்றினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கை கழுவாமலே உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு நீ எனக்குச் சொல்லவே இல்லியே" என்றார்.

நான் தட்டைப் பார்த்தேன்.

"அகராதில இருக்கறது வேணாம். நீ எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வந்த இல்ல? மாமாகிட்ட, அக்காகிட்ட. நான் அப்படித்தானா? சரியாச் சொல்லு பாப்பா. நிஜமா கேக்கறேன்."

அக்கா, என்னிடம் அர்த்தம் இருந்தது. டீச்சர் டஸ்டரை நீட்டியது, மாமாவின் போர்வை, அம்மா திரும்பிப் படுத்த சுவர் எல்லாமே இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, நீங்கள் பயந்தவர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பார், அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் பயந்துவிட்டேன்.

"ரிப்பேர் சொன்னா வாடகை ஏறும்ப்பா" என்றேன்.

சொல்லிவிட்டுச் சிரித்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். எழுந்து கை கழுவினார். என் புத்தகம் மேசையில் திறந்தபடி இருந்தது, நான் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை. வழக்கமாக, படித்து முடித்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். நேற்று கேட்கவில்லை. சமையலறை விளக்கை அணைத்தார், பிறகு கூடத்து விளக்கையும் அணைத்தார்.